வெள்ளம் திறந்த வாசல்

செம்பரம்பாக்கம்

அன்புள்ள மருமகளுக்கு,

அரையாண்டு விடுமுறையில் கொச்சிக்குப் போகப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறவர்களில் பலர் சீன வலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீ அங்கே நிற்கும்போது வலையோடு சேர்த்து, அது இறங்கும் தண்ணீரையும் பார். ஊரின் கதை அந்தத் தண்ணீரில்தான் தொடங்குகிறது.

ஏரிக்கரைப் பிள்ளையான உனக்கு இது சட்டென்று புரியும். 2015 டிசம்பரில் நம் ஏரியின் உபரிநீரைத் திறந்தபோது அடையாறு என்ன பாடு படுத்தியது என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் ஒரு துறைமுகத்தையே இடம் மாற்றியது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். சங்கப் பாடல்களில் வரும் முசிறியை வண்டல் தூர்த்துவிட, தெற்கே கொச்சியில் காயல் கடலோடு சேரும் முகத்துவாரம் அகன்றது. மேற்கே அரபிக்கடல், வடக்கே அந்த முகத்துவாரம், கிழக்கே காயல். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலத்தின் வடமுனைதான் ஃபோர்ட் கொச்சி.

மிளகு ஏற்ற வரும் கப்பல் இந்த முனையைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும். முனையைப் பிடித்தவன் கையில் வியாபாரம்.

1500-இல் போர்த்துக்கீசியரான கப்ரால் வந்து சேர்ந்தார். 1503-இல் கொச்சி அரசரின் அனுமதியோடு அவருடைய நாட்டவர் இமானுவேல் கோட்டையைக் கட்டினார்கள். 1663-இல் டச்சுக்காரரும் 1795-இல் ஆங்கிலேயரும் ஊரைக் கைப்பற்றினார்கள். 1806-இல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள். இன்று கோட்டை பெரும்பாலும் ஊரின் பெயரில்தான் இருக்கிறது.

இந்த ஆட்சி மாற்றங்களை எல்லாம் ஒரே கட்டடத்தில் பார்க்க வேண்டுமானால் புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் போ. போர்த்துக்கீசியர் முதலில் மரத்தால் எழுப்பிய கத்தோலிக்கக் கோயில் அது. டச்சுக்காரர் கையில் சீர்திருத்தச் சபைக்கும், ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலிக்கன் சபைக்கும் போனது. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். பின்னர் எச்சங்களைப் போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். கல்லறைக் கல்லை மட்டும் இன்றும் பார்க்கலாம்.

நம் சென்னைக்கும் இங்கே பங்கு உண்டு. பக்கத்து மட்டாஞ்சேரி கொச்சி அரசருடையதாக இருக்க, ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956-இல் கேரளம் உருவாகும்வரை அதற்குத் தலைநகரம் சென்னைதான். 1967-இல்தான் ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகள் சேர்ந்து கொச்சி மாநகராட்சி ஆயின.

முகத்துவாரத்துக்குக் குறுக்கே கிடந்த மணல்திட்டால் பெரிய கப்பல்கள் வெளியிலேயே நங்கூரம் போட்டு நிற்க வேண்டியிருந்தது. அதை வெட்டி வழி உண்டாக்க, வில்லிங்டன் சென்னை ஆளுநராக இருந்தபோது, 1920-இல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வந்தார். 1928-இல் 'பத்மா' என்ற கப்பல் புதிய கால்வாய் வழியாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தூர்வாரிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய நிலத்துக்கு வில்லிங்டன் தீவு என்றே பெயர். எர்ணாகுளத்திலிருந்து படகில் போகும்போது அதைப் பார்ப்பாய். 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுகளும் இந்தக் காயலில்தான் ஓடுகின்றன.

சீன வலை அசப்பில் பெரிய ஏற்றம் மாதிரி இருக்கும். ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் தொங்கும் கற்கள். மரத்தின் மேல் ஒருவர் நடந்தால் வலை தண்ணீரில் இறங்கும். நாலைந்து பேர் கயிற்றை இழுத்தால் மேலே வரும்.

மட்டாஞ்சேரி அரண்மனையைக் கொச்சி அரசருக்காகப் போர்த்துக்கீசியர் 1555 வாக்கில் கட்டினார்கள். பழுது பார்த்த டச்சுக்காரர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. உள்ளே ராமாயணச் சுவரோவியங்கள் உண்டு, அவசரப்படாமல் பார். அருகில் 1568-இல் கட்டிய யூதர் ஜெப ஆலயம். தரையில் பதித்த சீன ஓடுகள் கையால் தீட்டியவை, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்பார்கள். இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலான யூதக் குடும்பங்கள் அங்கே போய்விட்டன.

கடைசியாக, சுற்றுலா வண்டிகள் பலவும் நிறுத்தாத 'தோபி கானா' என்ற சலவைக்கூடத்துக்கும் போ. அங்கே தமிழ்ப் பேச்சு கேட்கும். டச்சுப் படைவீரர்களின் உடுப்புகளைத் துவைக்க அழைத்து வரப்பட்ட தமிழ் வண்ணார்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்கிறார்கள் அங்குள்ளவர்கள். கிளிப் இல்லாமல், முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகிக் காயப்போடுவார்கள். எப்படி என்று அவர்களிடமே கேள், தமிழிலேயே.

நாளைப் பார்த்துத் திட்டமிடு. வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, சனிக்கிழமை ஜெப ஆலயம் திறக்காது. மட்டாஞ்சேரியை ஞாயிறு முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள். வலையும் தேவாலயமும் தோபி கானாவும் மற்ற நாளுக்கு இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா