இஞ்சின் செய்த பிறகும் ‘டிக் டிக்’ சத்தமா?

நம்ம தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று வான், கார் ஓட்டிப் பிழைக்கிறார்கள். அப்பா அம்மாவின் ஈ.பி.எப். காசில் பழைய வாகனம் வாங்கியவர்களும் உண்டு. இஞ்சினை இறக்கி, செலவழித்துச் செய்து வந்ததும் மேலே ‘டிக் டிக்’ என்று தட்டினால் வயிறு கலங்கத்தான் செய்யும். “ஹைட்ரோலிக் டெப்பட் எல்லாம் போச்சு, புதுசு போடணும்” என்று கராஜில் சொன்னவுடன் நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். முதலில் ஒயிலைப் பாருங்கள்.

ஹைட்ரோலிக் டெப்பட் என்றால் என்ன?

தோட்டத்து டிரக்டரில் டெப்பட் இடைவெளியைத் தகடு வைத்து அளந்து, திருகித் திருத்துவார்கள். ஹைட்ரோலிக் டெப்பட்டில் அந்த வேலையை ஒயிலே செய்கிறது. உள்ளே ஒரு சின்னப் பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், ஒரு குண்டு. ஒயில் நிறைந்திருந்தால் அமுங்காது, சத்தமும் வராது. காற்று புகுந்தால் அமுங்கும், தட்டும்.

எல்லா வாகனத்திலும் இது இல்லை. டொயோட்டாவிலேயே ஒன் என்இசட் இஞ்சினில் இல்லை, ஒன் இசட்ஆர் இஞ்சினில் உண்டு. உங்களுடையது எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

1. ஒயில் லைட் எரிந்தால் உடனே இஞ்சினை நிறுத்துங்கள். “மெதுவாக ஓட்டிப் போகலாம்” என்பது ஆகாது. பெயாரிங் போய்விடும்.

2. சமதரையில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து ஒயில் குச்சியைப் பாருங்கள். லயத்து மேட்டில் பார்த்தால் அளவு பிழைக்கும். ஒயில் குறைந்தாலும் காற்று இழுக்கும், கூடினாலும் நுரைத்துக் காற்று சேரும்.

3. லைட் எரியாமல் அளவும் சரியென்றால், சூடான இஞ்சினை மெதுவாகக் கூட்டிக் குறைத்துப் பத்துப் பதினைந்து தடவை ஓட விடுங்கள். புதிதாகப் பூட்டிய இஞ்சினில் காற்று வெளியேறி சத்தம் அடங்குவது வழக்கம்.

4. அடங்காவிட்டால் கேஜ் பூட்டி, சூட்டில் ஒயில் அமுக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த இஞ்சினின் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால் பம்ப், பெயாரிங், ஒயில் சல்லடை பார்க்கவேண்டும். பூச்சாகப் போட்ட சிலிக்கன் பிய்ந்து சல்லடையை அடைப்பதும் உண்டு.

5. அமுக்கம் சரி, ஒரே இடத்தில் மட்டும் தட்டுகிறதா? அப்போதுதான் அந்த டெப்பட்டைக் கழற்ற வேண்டும். ஹெட்டில் வால்வு அரைத்திருந்தால் வால்வுத் தண்டின் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மலைக் குளிரும் தோப்பூர் வெக்கையும்

நுவரெலியாவில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி தட்டினால் பயமில்லை. குளிரில் ஒயில் தடிப்பாக இருக்கும், மேலே ஏற நேரமெடுக்கும். ஆனால் கோணேஸ்வரம் கும்பிட ஆட்களை ஏற்றிப்போய், அங்கிருந்து மூதூர், தோப்பூர் வரை ஓடி நிறுத்தும்போது தட்டினால் கவனம். நீண்ட ஓட்டத்திலும் வெக்கையிலும் ஒயில் இளகிவிடும். அமுக்கம் குறைந்த இஞ்சின் அங்கேதான் தன் குறையைக் காட்டும். மலையில் சத்தம் இல்லையே என்று நம்பி ஹயர் பிடிக்காதீர்கள்.

சத்தத்தை அடக்கத் தடித்த ஒயில் ஊற்றுவதும் வேண்டாம். அது நோயை மறைக்கும், காலைக் குளிரில் ஒயில் மேலே ஏறவும் தாமதமாகும்.

கராஜில் காசு கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “சூட்டில் ஒயில் அமுக்கம் எவ்வளவு?” பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அளந்து பார்க்காமல் பாகம் மாற்றினால், ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு போகும். அது கொழுந்து பறித்துச் சேர்த்த காசு.