ஆறு வயதில் முளைக்கும் பல்

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கன்னத்தைக் கையால் தாங்கியபடி எங்கள் சிகிச்சை அறைக்கு வந்தாள். வலியினால் இரண்டு இரவுகள் அவள் உறங்கவில்லை. கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றில் ஆழமான குழி விழுந்திருந்தது. “பாற்பல்தானே டாக்டர், எப்படியும் விழுந்து முளைக்கும் என்று இருந்துவிட்டோம்” என்றார் அவளுடைய தாய். ஆனால் அது பாற்பல் அன்று. ஆறு வயதில் முளைத்த நிரந்தரப் பல். மூன்றே ஆண்டுகள் உழைத்திருந்த அந்தப் பல் வாழ்நாள் முழுவதும் உழைக்க வேண்டியது. பலமுறை வரவழைத்து, வேர்ச்சிகிச்சை செய்து அதனைக் காப்பாற்றினோம். எனினும், சிகிச்சையால் காக்கப்பட்ட பல் பழுதுபடாத பல்லுக்கு ஈடாகாது.

அந்தத் தாய் அக்கறையற்றவர் அல்லர். மகளின் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். அவள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கும் தொடங்கியிருந்தார். பல்லைப் பற்றி மட்டும் உரிய காலத்தில் எவரும் அவரிடம் சொல்லவில்லை. குழந்தைகள் பல் மருத்துவர்களாகிய எங்களிடம் பெரும்பாலோர் முதன்முறையாக வருவது குழந்தைக்கு வலி வந்த பிறகே. அப்போது எங்களால் சிகிச்சை அளிக்க முடியும். பழக்கத்தைக் கற்பிப்பது கடினம். வலியில் இருக்கும் குழந்தை எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே, வலி வருவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துரைக்கிறோம்.

பாற்பல் எதற்காக?

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதல் பல் முளைக்கிறது. மூன்று வயதுக்குள் இருபது பாற்பற்களும் வந்துவிடும். ஆறு வயதளவில் முன்பற்கள் ஆடத் தொடங்கினாலும், கடைவாயில் உள்ள பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நிலைத்திருக்கும். பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதியிலும் உணவை அரைப்பவை அவையே. பின்னர் வரவிருக்கும் நிரந்தரப் பற்களுக்கு இடம் காத்து வைப்பவையும் அவையே. ஒரு கடைவாய்ப் பாற்பல் உரிய காலத்துக்கு முன்பே பிடுங்கப்பட்டால், பக்கத்துப் பல் அவ்விடத்தை நோக்கிச் சாயும். பின்னால் வரும் பல் இடமின்றிக் கோணலாக முளைக்கும். ஆகவே, ‘விழப்போகும் பல்தானே’ என்ற எண்ணம் தவறானது.

இதனிலும் கவனத்துக்குரியது ஆறு வயதில் வரும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஓசையின்றி அது முளைக்கிறது. பல் விழுந்தால்தான் புதுப்பல் வரும் என்று எண்ணியிருக்கும் பெற்றோர் அதனையும் பாற்பல்லாகவே கருதிவிடுகின்றனர். அதன் மேற்பரப்பில் ஆழமான, குறுகிய பள்ளங்கள் உண்டு. முழுமையாக வெளிவரும் வரை பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்தே இருப்பதால், வழக்கமாகத் துலக்கும்போது பிரஷ் அதனைத் தொடாமலே கடந்துவிடும். மேலே கூறிய சிறுமிக்கு நேர்ந்தது இதுவே.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது?

பற்களின் மீது படியும் மெல்லிய படலத்தில் நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் மேலுறையான எனாமலில் இருந்து தாது உப்புகள் கரையத் தொடங்குகின்றன. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மெல்ல மீட்டுத் தருகிறது. சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் பி.எச். சரிவதையும், அது பழைய நிலைக்கு மீள அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆவதையும் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்டீபன் 1940-களில் அளந்து காட்டினார்.

இதிலிருந்து பெறும் பாடம் எளியது. எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதுடன், எத்தனை முறை உண்டோம் என்பதும் முக்கியம். உணவோடு சேர்த்து ஒரு லட்டு உண்ணும் குழந்தையைவிட, மாலை முழுவதும் பிஸ்கட்டையும் மிட்டாயையும் சிறிது சிறிதாகக் கொறிக்கும் குழந்தைக்கே ஆபத்து அதிகம். அதன் உமிழ்நீருக்குப் பழுதுபார்க்க ஓய்வே கிடைப்பதில்லை. பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கச் செய்வதும், ரப்பர் காம்பில் தேன் அல்லது சர்க்கரைப் பாகு தடவிக் கொடுப்பதும் இவ்வாறே தீங்கு விளைவிக்கும். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். ஆதலால் இரவில் பல்லில் தங்கும் இனிப்பு மிகுந்த கேடு செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 51 கோடிக் குழந்தைகளின் பாற்பற்களில் சொத்தை உள்ளது. இத்துணைப் பரவலாக உள்ள இந்நோய் பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்பதே நாம் நினைவிற்கொள்ள வேண்டியது.

மருத்துவர் எவ்வாறு கற்பிக்கிறார்?

முதல் பல் முளைத்தவுடன், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அம்முதல் வருகையில் ஊசியோ கருவியின் ஓசையோ இராது. தாயின் மடியில் இருந்தபடியே குழந்தையின் வாயைப் பார்ப்போம். நாற்காலியும் விளக்கும் அச்சமூட்டாத பொருள்களாகப் பழகிவிடும்.

சற்று வளர்ந்த குழந்தைகளிடம் ‘சொல், காட்டு, செய்’ என்னும் முறையைக் கையாள்கிறோம். அடெல்ஸ்டன் என்னும் பல் மருத்துவர் 1959-இல் விளக்கிய முறை இது. செய்யப்போவதை முதலில் குழந்தைக்குப் புரியும் சொற்களில் சொல்வோம். பின்னர்க் கருவியை அதன் விரல் நகத்தின் மீது வைத்துக் காட்டுவோம். அதன் பிறகே பல்லில் செய்வோம். சொன்னதற்கு மாறாக எதையும் செய்யமாட்டோம். குழந்தையின் நம்பிக்கை அந்த ஒழுங்கின் மீதே எழுகிறது. வீட்டில் ‘அடம் பிடித்தால் டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போடச் சொல்வேன்’ என்று அச்சுறுத்தினால், அந்நம்பிக்கை தொடங்குமுன்பே குலைந்துவிடும். ‘வலிக்கவே வலிக்காது’ என்ற முன்வாக்குறுதியும் வேண்டா. ‘டாக்டர் உன் பல்லை எண்ணப் போகிறார்’ என்றால் போதும்.

அறிவுரையைவிடக் கண்ணாடி நன்றாகப் பேசும். பற்படலத்துக்கு நிறமேற்றும் திரவத்தைத் தடவிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தால், தான் எங்கே துலக்காமல் விட்டோம் என்பதைக் குழந்தையே காண்கிறது. அந்த நிறம் மறையும் வரை தானே துலக்கி மகிழ்கிறது. ஒரு வருகையில் பத்து அறிவுரைகளைச் சொன்னால் வீடு சென்று சேர்வதற்குள் பத்தும் மறந்துபோகும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றத்தைக் குடும்பத்தாருடன் கலந்து முடிவு செய்கிறோம். இரவுப் பாலில் சர்க்கரையை நிறுத்துவது, இரவில் துலக்குவது, மாலைத் தின்பண்டத்தை ஒரு வேளையாக்குவது ஆகியவற்றுள் எது அவர்களால் இயலுமோ, அதுவே முதலில். ஆறு மாதம் கழித்து வரும்போது அது வேரூன்றியிருந்தால் அடுத்ததைத் தொடங்குவோம்.

வீட்டில் பெற்றோரின் கடமை

ஆண்டுக்கு இருமுறை, சில நிமிடங்களே குழந்தை எங்களிடம் இருக்கிறது. எஞ்சிய நாள்கள் அனைத்தும் வீட்டில் கழிகின்றன. பழக்கம் வேரூன்றும் இடமும் அதுவே.

ஏழு அல்லது எட்டு வயது வரை குழந்தையின் கை துலக்கும் நுட்பத்தை முழுமையாக அடைவதில்லை. குழந்தை தானே துலக்கிய பின், பெற்றோர் ஒருமுறை துலக்கிவிட வேண்டும். குழந்தையின் பின்னால் நின்று, அதன் தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துத் துலக்குவது எளிது. ஆறு வயதுப் பல்லுக்கு மட்டும், கன்னப் பக்கத்திலிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்து அதன் மேற்பரப்பைத் தனியே தேய்க்க வேண்டும். காலை, இரவு என இருவேளையும் இரண்டு நிமிடங்கள் துலக்குவது முறை. இரண்டில் ஒன்று தவறுமெனில், தவறக் கூடாதது இரவு வேளை.

ஃபுளோரைடு கலந்த பற்பசை எனாமலை வலுப்படுத்துகிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். பற்பசையை எடுத்துவைப்பது பெரியவர் பொறுப்பாக இருக்கட்டும்; குழந்தை அதனை விழுங்காமல் துப்பப் பழக வேண்டும். தருமபுரி, தெலங்கானாவின் நல்கொண்டா, ராஜஸ்தானின் பல பகுதிகள் போன்று நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இடங்களில் வாழ்வோர், பற்பசையின் அளவு குறித்து மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடு, உருவாகிவரும் பற்களில் வெண்மையான அல்லது பழுப்பான திட்டுகளை உண்டாக்கும்.

ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களை ‘சீலன்ட்’ எனப்படும் மெல்லிய பிசின் பூச்சால் மூடிவிடலாம். பல்லைக் குடையவோ மரப்பு ஊசி போடவோ தேவையில்லாத சிறு சிகிச்சை இது. வேர்ச்சிகிச்சைக்கு ஆகும் செலவுடன் ஒப்பிட்டால் இதற்கு ஆவது சிறு தொகையே. விபத்துக் காயங்களுக்கு அன்றி, பொதுவான பல் சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவும் பணம் வழங்குவதில்லை என்பதையும் பெற்றோர் கருத்திற்கொள்ள வேண்டும்.

தனியார் மருத்துவமனைக்குச் செல்ல இயலாதோருக்கும் வழி உண்டு. 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டமான ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்’ வாயிலாக, அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பயிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். அப்பரிசோதனையில் பற்களும் அடங்கும். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு செயல்படுகிறது.

இன்றிரவே எண்ணிப் பாருங்கள்

உங்கள் வீட்டில் ஐந்து வயதைக் கடந்த குழந்தை இருந்தால், இன்றிரவு நல்ல வெளிச்சத்தில் அதன் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். இரு முன்பற்களுக்கு நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். பாற்பற்கள் ஐந்து, விழுந்த பல்லின் இடத்தையும் ஒன்றாகக் கொள்ளுங்கள். ஆறாவதாக ஒரு பல் தலைகாட்டினால், அது மீண்டும் முளைக்காத நிரந்தரப் பல். நான்கு பக்கங்களிலும் இவ்வாறே எண்ணிப் பார்த்து, மேற்பரப்பில் கரும்புள்ளியோ குழியோ தென்பட்டால் வலிக்காகக் காத்திராமல் மருத்துவரைக் காணுங்கள்.

அந்தச் சிறுமியுடன் நான்கு வயதுத் தம்பியும் வந்திருந்தான். அக்காவின் சிகிச்சை முடிந்ததும் அவனையும் நாற்காலியில் அமர்த்திப் பற்களை எண்ணினோம்; இருபதும் குறையின்றி இருந்தன. இப்போது ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறான். சென்ற முறை அவனுக்கு ஆறாவது பல் எட்டிப்பார்த்தது. அதனை முதலில் கண்டு எங்களிடம் சொன்னவர் அவனுடைய தாய்.