அல்பாக்காக் குட்டியின் முதல் நாள்

அன்புள்ள யாழினி,

பெருவில் புனோ பக்கம் அல்பாக்கா மந்தைகளில் பயிற்சி என்று உன் அம்மா சொன்னாள். ஜனவரியில் போகிறாய், அங்கே மழையும் ஈற்றும் சேர்ந்து வரும் பருவம். 4,000 மீட்டர் உயரத்துக் குளிருக்குப் பயந்ததுபோல அவை பெரும்பாலும் முற்பகலிலேயே ஈன்றுவிடும். உனக்கு அது வசதி.

பதினோரு மாதத்துக்கு மேல் வயிற்றில் சுமந்தாலும், நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குட்டிக்குப் போவதில்லை. பசுவிலும் ஆட்டிலும் படித்திருப்பாய், இங்கும் அதே கதைதான். எல்லாம் சீம்பாலில்தான் வரவேண்டும். அந்தப் புரதங்களைக் குடல் சிதைக்காமல் அப்படியே உள்ளே விடுவதும் கொஞ்ச நேரம்தான். முதல் ஆறு மணி நேரம் பொன்னானது. ஒரு நாள் கடந்தால் வழி அநேகமாக அடைத்துவிடும்.

ஆகவே முதலில் மடியைப் பார். நான்கு காம்புகளின் நுனியிலும் மெழுகு போல அடைப்பு இருக்கும். அது விலகியிருக்கிறதா, பால் கெட்டியாக, பிசுபிசுப்பாக வருகிறதா என்று பார். பாலின் செறிவைக் காட்டும் பிரிக்ஸ் மானிக்கு ஓரிரு துளி போதும். அதற்கு மேல் கறந்தால் குட்டியின் பங்கில் கை வைக்கிறாய். பசுவின் சீம்பாலுக்கு 22 பிரிக்ஸ் என்பது பண்ணைக் கணக்கு. அதை அப்படியே இங்கே பொருத்தாதே.

என்னைக் கேட்டால், பாலை விடக் குட்டியின் ரத்தத்தைத்தான் நம்புவேன். அருமையான சீம்பால் மடியிலேயே தங்கியிருக்கலாம்; குட்டி காம்பை வாயில் வைத்துக்கொண்டு சும்மாவும் நிற்கும். 7 கிலோ குட்டிக்கு முதல் நாளில் சுமார் 700 மில்லி போகவேண்டும். 24 மணி நேரம் கழித்து, இரண்டு நாளுக்குள் ரத்தம் எடு. ஐஜிஜி என்ற அந்த எதிர்ப்புப் புரதம் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஆய்வகம் எட்டாத இடத்தில் சீரத்தின் மொத்தப் புரதத்தைப் பார். 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே என்றால் சந்தேகப்படு. நீர் வற்றிய குட்டியில் இந்த எண் பொய்யாக ஏறி நிற்கும், ஏமாந்துவிடாதே.

ஒரு நாள் தாண்டிக் குறை தெரிந்தால் சீம்பால் ஊட்டிப் பயனில்லை. மருத்துவர் வளர்ந்த அல்பாக்காவின் பிளாஸ்மாவை நரம்பில் ஏற்றுவார். தாய் இறந்து, குட்டி பிறந்து சில மணி நேரமே ஆகியிருந்தால், உறைய வைத்த ஆட்டுச் சீம்பாலும் உதவும். கொதிநீரில் மட்டும் உருக்காதே. நம் வீட்டில் சீம்பால் அடுப்பேறினால் கட்டியாகிவிடுகிறதே, குட்டிக்கு வேண்டிய புரதமும் அதோடு சேர்ந்தே வீணாகும். வெதுவெதுப்பான நீரில் பொறுமையாக வை.

அன்புடன்,
மாமா