கோட்டைச் சிறையும் குருவிக் கூடும்: மௌலானா ஆஸாதின் கடிதங்களில் சிறு மகிழ்ச்சிகள்

கடித இலக்கியம் என்றவுடன் நம் தமிழ்த்துறை மாணவர்க்கு டாக்டர் மு.வ. அவர்களின் 'தம்பிக்கு', 'அன்னைக்கு', 'நண்பர்க்கு' முதலிய நூல்களும், நேரு பெருமகனார் சிறையிலிருந்து தம் மகளுக்கு வரைந்த மடல்களும் நினைவில் எழும். எழுதுவார் ஒருவரும் பெறுவார் ஒருவரும் இருத்தலே கடிதத்தின் இலக்கணம். பெறுவாரைச் சென்று சேராது என்பதை நன்குணர்ந்தே எழுதப்பெற்ற கடிதங்களும் உலகில் உள. அத்தகைய கடிதத் தொகுதி ஒன்றினையே ஈண்டு நாம் எடுத்துக்கொண்டோம். மௌலானா அபுல்கலாம் ஆஸாத் அவர்கள் உருது மொழியில் யாத்த 'குபாரே காத்திர்' என்பது அந்நூல். 'உள்ளத்தில் படிந்த புழுதி' என்பது போலப் பொருள்படும் பெயர் அது. வட ஆற்காட்டுப் பகுதியில் உருது அறிந்த பெரியவர்கள் இதனை மூலத்திலேயே சுவைத்திருப்பர். நாம் மொழிபெயர்ப்பின் துணைகொண்டே அணுகினோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறோம். அடிக்கொருதரம் பாரசீகக் கவிதை குறுக்கிடும் அந்நடை, உருதுவில் வல்லாரையும் அகராதியைத் தேடவைக்கும் என்று அறிந்தோர் கூறக் கேட்டு ஒருவாறு ஆறுதல் கொண்டோம்.

நூல் பிறந்த சூழலைச் சுருங்கக் கூறுவோம். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள் இரவு பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. அப்போது காங்கிரசின் தலைவராக விளங்கியவர் மௌலானா. மறுநாள் விடியுமுன் தலைவர்கள் சிறைப்பிடிக்கப்பெற்றனர். செயற்குழுவினர் தனித் தொடர்வண்டியில் ஏற்றப்பெற்று, இந்நாளில் அகில்யாநகர் என வழங்கும் அகமதுநகரின் பழங்கோட்டையுள் அடைக்கப்பெற்றனர். சாந்த் பீபி என்னும் வீரப் பெண்மணி 1596இல் முகலாயப் படையை எதிர்த்து நின்று காத்த கோட்டை அது. நேரு, பட்டேல், பந்த், கிருபளானி, ஆசப் அலி, பட்டாபி சீதாராமையா முதலிய பெருமக்கள் மௌலானாவுடன் அங்கிருந்தனர். தொடக்கத்தில் செய்தித்தாளும் இல்லை. கடிதப் போக்குவரவும் இல்லை. நாட்டில் என்ன நடக்கிறது என்பதையே அறியாத நிலையில், அலிகர் பகுதியைச் சார்ந்த தம் நண்பர் மௌலானா ஹபீபுர் ரஹ்மான் கான் ஷேர்வானி அவர்களை முன்னிலைப்படுத்தி, ஆஸாத் எழுதத் தொடங்கினார். எழுதியவற்றை அஞ்சலில் சேர்க்க வழியில்லை. எனவே மடித்துத் தம்மிடமே வைத்துக்கொண்டார். விடுதலைக்குப் பின்னர் 1946இல் அவை நூலுருப் பெற்றன.

அரசியல் பேசுவார் என்று எதிர்பார்த்து நூலைத் திறப்பவர் ஏமாற்றமடைவர். நாடு கொந்தளித்துக் கொண்டிருந்த காலத்தில், அந்நாட்டின் முதன்மை இயக்கத்திற்குத் தலைவராயிருந்தவர், தேநீரைப் பற்றியும் பூச்செடிகளைப் பற்றியும் குருவிகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிச் செல்கின்றார். இது பொறுப்பின்மையா? துன்பத்தினின்று கண்ணை மூடிக்கொள்ளும் முயற்சியா? இவ்வினா நம் வகுப்பறையிலும் எழுந்தது. விடை காண்பதற்குமுன் அம்மகிழ்ச்சிகள் எத்தகையவை என்று காண்போம்.

முதலாவது தேநீர். மௌலானாவுக்கு வைகறைக்கு வெகு முன்னரே, மூன்று நான்கு மணியளவில், எழும் வழக்கம் உண்டு. அனைவரும் உறங்கும் அவ்வேளையில் தம் கையாலேயே தேநீர் இறக்குவார். அதுவும் எல்லாத் தேநீரும் அன்று. 'ஒயிட் ஜாஸ்மின்' என்னும் சீனத்துத் தேயிலை மட்டுமே. பால் சேர்ப்பது தேநீருக்குச் செய்யும் தீங்கு என்பது அவர் கொள்கை. ஆங்கிலேயர் பாலூற்றித் தேநீரைக் கெடுத்தனர், இந்தியர் அதனை அப்படியே பின்பற்றினர் என்று நகைச்சுவை ததும்ப வழக்குரைக்கின்றார். வளைகுடா நாடுகளுக்குச் சென்று மீண்டோர் இன்று 'சுலைமானி' என்று பாலின்றி அருந்துவதைக் கண்டிருந்தால் மௌலானா மகிழ்ந்திருப்பார் போலும்! சிறு கிண்ணத்தில் ஊற்றி, ஒவ்வொரு மிடறாக, இடையிடையே சிகரெட்டுப் புகையும் கலந்து, அவர் அருந்தும் முறையை ஒரு சடங்கைப் போல விரித்துரைக்கும் பகுதி படிக்கப் படிக்கச் சுவை தருவது. அக்கிண்ணம் முன்னால் இருக்க, அவ்விருளிலேயே இக்கடிதங்கள் பலவும் எழுதப்பெற்றன.

தோட்டத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. வெறுமையாய்க் கிடந்த முற்றத்தில் பாத்தி கட்டி விதை தூவினர். கல்லும் இடிபாடும் நிறைந்த அம்மண்ணை வெயிலில் நின்று கொத்தியதை நேரு தம் 'கண்டுணர்ந்த இந்தியா'விலும் குறித்துள்ளார். அந்நூலும் இக்கோட்டையிலேயே எழுதப்பெற்றது. மண்ணைக் கொத்தியவர் நேரு என்றால், பூத்ததைக் கண்டு கண்டு எழுதியவர் ஆஸாத் எனலாம்.

நூலின் உயிர்நாடியாக நாம் கருதுவது குருவிக் கதை. 1943 மார்ச்சுத் திங்களில் எழுதிய கடிதங்களில் அது வருகின்றது. மௌலானா தங்கிய அறையின் பழைய மேற்கூரை முழுதும் சிட்டுக்குருவிகளின் குடியிருப்பு. நாளெல்லாம் வைக்கோலும் குப்பையும் அவர் மேசைமீதும் நூல்கள்மீதும் பொழிந்தவண்ணம் இருந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் போருக்கு எழுந்தார். முதலில் குடை, அது போதாதெனப் பின்னர் மூங்கிற்கழி! பாரசீகக் காப்பியங்களின் போர்க்கள வருணனையைக் கேலியாக எடுத்தாண்டு அவர் அப்போரை விவரிக்கும்போது சிரிக்காதவர் இரார். எதிரிகளை எல்லாம் புறங்கண்டு வெற்றிவாகை சூடி அமர்ந்த சிறிது நேரத்தில் மேலே மீண்டும் கீச்சொலி. போரில் தோற்றவர் தாமே என்பதை உணர்ந்து உடன்படிக்கைக்கு இறங்கி வந்தார் மௌலானா. தரையில் அரிசியைத் தூவிவிட்டுக் கற்சிலைபோல் அசைவற்று அமர்ந்தார். முதல் குருவி தயங்கித் தயங்கி வந்தது. பின்பு மற்றவை வந்தன. நாளடைவில் அரிசித் தட்டு அவரை நெருங்கியது, குருவிகளும் நெருங்கின. முடிவில் அவர் உள்ளங்கையிலேயே அமர்ந்து கொத்தலாயின.

அவற்றுக்கு அவர் பெயரும் சூட்டினார். அச்சமின்றி முதலில் வந்தது 'கலந்தர்'. அழகிய பெண் குருவி 'மோத்தி'. ஓயாது சச்சரவிட்டுத் தலைநிமிர்ந்து நடந்தது 'முல்லா'! மௌலானா ஒருவரே தம் வகுப்பாரை இவ்வாறு எள்ளி நகையாடிய துணிவை நம் பெரியோர்கள் புன்னகையுடன் பொறுத்தருள்வர் என நம்புகின்றோம். பெயர் சூட்டுதலில் அவருக்குள்ள விருப்பம் குருவிகளோடு நின்றுவிடவில்லை. சிறை மேலாளருக்கே சாந்த் பீபி காலத்துக் கோட்டைத் தலைவன் ஒருவனை நினைவூட்டும் வகையில் 'சீத்தாகான்' என்று பெயரிட்டு மகிழ்ந்தார். மோத்தியின் குஞ்சு பறக்கக் கற்றதையும் நாள்தோறும் கவனித்து எழுதுகின்றார். தாய் எத்துணை தூண்டியும் சிறகசைக்காது துவண்டு கிடந்த அக்குஞ்சு ஒருநாள் திடுமெனக் காற்றில் எழுந்து மறைந்தது. சிறகு முன்னரே இருந்தது, அது தன்னிடம் உண்டென்னும் உணர்வே புதிதாக வந்தது என்பது அவர் கண்ட உட்பொருள்.

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்துக் குறுந்தொகைப் பாடல் ஒன்று நினைவுக்கு வருதல் இயல்பு. மாமலாடனார் பாடியது, 46ஆம் பாட்டு. வாடிய ஆம்பலை ஒத்த சிறகினையுடைய வீட்டுக்குருவி, முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்று, பொதுவிடத்து எருப்புழுதியில் குடைந்தாடி, மாலையில் வீட்டின் இறப்பில் தன் பிள்ளைகளோடு தங்கும். இத்தகைய மாலையும் தனிமையும் அவர் சென்ற நாட்டில் இல்லையோ என்று தலைவி தோழியை வினவுகின்றாள். கூட்டில் இணைந்திருக்கும் குருவியைக் கண்டு, பிரிந்திருக்கும் தன்னை எண்ணுகின்றாள் அவள். மௌலானா இப்பாடலை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அகமதுநகர்க் கோட்டையில் குருவிக் குடும்பத்தைக் கண்ணுற்றிருந்தவர் பிரிந்து வந்த தலைவர். கல்கத்தாவில் நோய்ப்படுக்கையில் இருந்தவர் அவருடைய துணைவியார் ஸுலைகா பேகம்.

1942 ஆகஸ்டு 3ஆம் நாள் மௌலானா கல்கத்தாவினின்று பம்பாய்க்குப் புறப்பட்டபோது, அம்மையார் வாயில்வரை வந்து 'குதா ஹாபிஸ்' கூறி வழியனுப்பினார். அதுவே இறுதிக் காட்சி. குருவிக் கதையை எழுதிய சில நாட்களுக்குள், 1943 மார்ச்சுத் திங்கள் முடிவதற்குள், நோய் முற்றியதென்னும் செய்தி எட்டியது. அரசிடம் வேண்டிக்கொள்ள விரும்பினால் உடனே தெரிவிப்பதாகச் சிறை மேலாளர் முன்வந்தார். அந்நிய அரசிடம் எதனையும் வேண்டுவதற்கில்லை என்று மறுத்துவிட்டார் மௌலானா. ஏப்ரல் 9ஆம் நாள் அம்மையார் மறைந்தார். 36 ஆண்டு இல்வாழ்க்கை முடிவுற்றது.

ஏப்ரல் 11ஆம் நாளிட்ட கடிதம் இதனைக் கூறுகின்றது. நாம் இத்தொகுதியில் மீண்டும் மீண்டும் படித்தது இதனையே. நோய்ச் செய்தி வந்தபின்னும் தம் அன்றாட ஒழுங்கில் எதனையும் மாற்றவில்லை என்கின்றார். உணவு வேளையில் எல்லாருடனும் வந்து அமர்ந்தார். பசியற்றிருந்தும் சிறிது உண்டார். செய்தித்தாள் கொண்டுவருவோரின் காலடியோசை கேட்கும்போதெல்லாம் நெஞ்சு துடித்தது. ஆயினும் பதற்றம் பிறர்க்குத் தெரியலாகாது என்று உடனே எழாமல், வழக்கம்போல் காலந்தாழ்த்தியே எடுத்துப் பார்த்தார். இவ்வளவும் சொல்லிவிட்டு ஓர் உண்மையை வெளியிடுகின்றார். அந்த அமைதி மெய்யான அமைதி அன்று. தம் உள்ளத்தின் தற்பெருமை வெளியார்க்காக ஆடிய நாடகம் என்று தாமே எழுதிவிடுகின்றார்.

மேற்குறித்த வினாவுக்கு நாம் கண்ட விடை இக்கடிதத்திலேயே உள்ளது. ஆஸாதின் மகிழ்ச்சிகள் துன்பத்தை மறைக்கும் திரையாக இருந்திருப்பின், துன்பம் உண்மையில் வந்தடைந்த அன்று அத்திரை கிழிந்து பழையன யாவும் பொய்யாகியிருக்கும். அவ்வாறு நிகழவில்லை. தம் அமைதி நடிப்பு என்று ஒப்புக்கொண்டவர், குருவிகளால் பெற்ற மகிழ்வை எங்கும் நடிப்பென்று மறுக்கவில்லை. அவருக்கு இரண்டும் மெய். நடிப்பு எனத் தக்கது பிறர் காண வேண்டி அணிந்த முகம் ஒன்றே. எவரும் காணாத வைகறைத் தேநீரும், எவருக்கும் அஞ்சலாகாத கடிதமும் அத்தகையன அல்ல. மற்றொன்றும் கருதற்பாலது. தேயிலைக் கிண்ணமும் அரிசிமணியும் தவிர ஏதும் வேண்டாத மகிழ்ச்சியை உடையவரை அரசு எதைக் காட்டி வளைக்க இயலும்? வேண்டுகோள் விடுக்க மறுத்த அந்த ஒரு சொல்லுக்குரிய வலிமையில் வைகறைத் தனிமைக்கும் பங்குண்டு என்றே நாம் கருதுகின்றோம். அம்மறுப்பின் விலையை அம்மையாரும் சேர்ந்தே செலுத்தினார் என்பதனை மறைப்பதற்கில்லை. மாணவியர் சிலர் வகுப்பில் இதனைச் சுட்டிக்காட்டியபோது நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

அச்சிறை முற்றத்தில் பழைய கப்ரு ஒன்று இருந்தது. யாருடையதென எவரும் அறியார். பலநூறு முறை கண்ட அக்கப்ரு, அச்செய்தி வந்தபின் தமக்கு ஏதோ உறவுடையது போல் தோன்றுகின்றது என்னும் பொருள்பட அக்கடிதத்தை முடிக்கின்றார்.

சில திங்கள் கழித்துப் போபாலில் அவருடைய சகோதரியாரும் காலமானார். அதே 1943இன் செப்டம்பரில் எழுதிய நீண்ட கடிதமோ இசையைப் பற்றியது! சமயக் கட்டுப்பாடு மிக்க குடும்பத்தில் பிறந்தவர், இளமையில் தந்தையார் அறியாமல் சிதார் பயின்றதையும், நிலவொளியில் தாஜ்மகாலின் மேடையில் யமுனையை நோக்கி அமர்ந்து அதனை இசைத்ததையும் அதில் நினைவுகூர்கின்றார். இரு மறைவுகளுக்குப்பின் எழுதப்பெற்றதாயிற்றே என்று துயரத்தை அதில் தேடினோம். வெளிப்படையாக ஏதும் இல்லை. எனினும் அக்கடிதத்தின் நிலவு முந்தைய கடிதங்களின் நிலவினும் சற்றுத் தண்ணியதாக நமக்குப் பட்டது. அது நம் மனத்தின் ஏற்றுரையாகவும் இருக்கலாம்.

சிறைப்பட்டபோது 170 பவுண்டு இருந்த அவர் எடை, அகமதுநகரை விட்டு நீங்கும்போது 130 பவுண்டாகக் குறைந்திருந்தது. 1945 ஜூனில் விடுதலை பெற்றுக் கல்கத்தா சேர்ந்தபோது, ஹௌரா நிலையத்தில் மக்கள் வெள்ளம் திரண்டு நின்றது, இசைக்குழுவும் முழங்கியது. நண்பர் பலர் இன்னும் சிறையிலிருக்கக் கொண்டாட்டம் எதற்கு என்று இசையை நிறுத்தச் சொன்னார். வண்டி நகர்ந்தபோது, மூன்றாண்டுக்கு முன் வாயிலில் நின்று வழியனுப்பியவரின் நினைவு மேலிட்டது. வீட்டுக்குச் செல்லுமுன் அடக்கவிடத்துக்குத் திருப்புமாறு கூறினார். வண்டி நிறைய மாலைகள் குவிந்திருந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்துத் தம் துணைவியாரின் கப்ரின்மீது வைத்து, ஓசையின்றிப் பாத்திஹா ஓதினார்.