எக்ஸெல் 'நார்மல்' என்றது, கால் இல்லை என்றது!

என் அப்பாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. தெருமுனைக் கடைக்கு நடப்பதற்குள் கெண்டைக்கால் வலித்து நின்றுவிடுவார். நின்றால் வலி போய்விடும். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று டாப்ளர் கருவியால் அழுத்தம் பார்த்தார்கள். அந்த எண்களை எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள்.

ஏ2-இல் வலது கை (136), பி2-இல் இடது கை (140), சி2-இல் கணுக்கால் (206) என டைப் செய்யுங்கள். மூன்றும் மேல் அழுத்தங்கள். டி2-இல் கீழ்க்கண்ட பார்முலாவை, பெயர்களை ஆங்கிலத்தில் டைப் செய்து, என்டர் தட்டுங்கள்.

=சி2/மேக்ஸ்(ஏ2,பி2)

விடை 1.47. அதாவது கணுக்கால் அழுத்தத்தை, இரு கைகளில் அதிகமுள்ள அழுத்தத்தால் வகுக்கிறோம். 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு என்று படித்திருந்தேன். எனவே மேலே உள்ளதெல்லாம் 'நார்மல்' என்று இஃப் எழுதினேன். ஷீட்டும் 'நார்மல்' என்றது. அப்பாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

டாக்டர் தலையை ஆட்டினார். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடுமாம். பட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் அமுங்காது. அதனால் அழுத்தம் பொய்யாக ஏறும். கால்விரலில் அவ்வளவாகப் படியாது என்பதால் அங்கே அளந்தார்கள்: 77. அதை 140-ஆல் வகுத்தால் 0.55. இங்கே 0.70-க்குக் கீழ் போனாலே அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். என் இஃப்தான் தப்பு! திருத்தியது இதோ:

=இஃப்(டி2<=0.9,"அடைப்பு",இஃப்(டி2<1,"எல்லை",இஃப்(டி2<=1.4,"சரி","விரலில் அளக்க")))

குழாயின் விறைப்பை நேரடியாகவும் அளக்கலாம். விறைத்த குழாயில் நாடி அலை வேகமாக ஓடும். கழுத்துக்கும் தொடை இடுக்குக்கும் இடையே அலை கடக்கும் தூரம் 0.5 மீட்டர், நேர வித்தியாசம் 0.05 விநாடி என்றால், வகுத்தால் விநாடிக்கு 10 மீட்டர். இதைத் தாண்டினால் விறைப்பு அதிகம் என்பார்கள். ஆனால் விறைப்பு வேறு, அடைப்பு வேறு. ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்யாதீர்கள்.

வீட்டு பி.பி. மெஷினைக் கணுக்காலில் கட்டி இந்த ஷீட்டை நம்ப வேண்டாம். நடந்தால் வலி, நின்றால் நிம்மதி என்றால் டாக்டரிடம் போங்கள். பார்முலா எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: கீழ் எல்லையை மட்டுமல்ல, மேல் எல்லையையும் சோதியுங்கள்.