மனசை அறிவோம்: தவணை கட்டாத நாள்



கூட்டத்துக்கு நாம் வராவிட்டால், "பிள்ளைக்குக் காய்ச்சல், என்ன செய்யறது?" என்கிறோம். அடுத்தவர் வராவிட்டால், "அவளுக்கு எப்பவும் அலட்சியம்" என்கிறோம். நம் தவறுக்குச் சூழ்நிலை காரணம். பிறர் தவறுக்கு அவர் குணமே காரணம் என நினைப்பது மனசின் இயல்பு. அமெரிக்க உளவியல் அறிஞர் லீ ராஸ் 1977-இல் இதை விளக்கி எழுதினார்.

அனந்தபுரம் பக்கம் மழை தவறினால் மல்லாட்டை போச்சு. கூலி வேலையும் குறையும். தவணை கட்ட முடியாதவர் வெட்கப்பட்டுக் கூட்டத்துக்கே வரமாட்டார். நாம் "ஏமாத்துறா" என்று பேசினால் வட்டிக்காரரிடம் போவார். கடன் ஏறும், மனசு உடையும். குழுவுக்கும் நஷ்டம்தான்.

நாம் செய்ய வேண்டியவை:

1. முதலில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய், "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள்.

2. கூட்டத்தில் பேசி, எப்போது எவ்வளவு கட்டுவார் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். அலட்சியம்தான் என்று தெரிந்தால் குழு விதி இருக்கவே இருக்கிறது.

3. மனசு ரொம்ப உடைந்திருந்தால் 14416-க்குப் பேசச் சொல்லுங்கள். 2022-இல் தொடங்கிய டெலி மனாஸ் இலவச மனநல உதவி எண் இது. தமிழிலும் பேசலாம்.

கூட்டத்தில் பேச: போன மாசம் யாரைப் பற்றி, கேட்காமலே முடிவு கட்டினோம்?