தட்டிப் பார்த்து வாங்குவோம். படித்துப் பார்த்து வாக்களிப்போம்



நமது விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி வாங்குகிற எந்த வியாபாரியும் மேற்பூச்சின் பளபளப்பை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் எடுப்பார். மந்தமாக ஒலித்தால், உள்ளே விரிசல் இருக்கிறது என்று தள்ளி வைப்பார். விற்பனைக்கூடத்தில் மணிலா வாங்கும்போதும், மேலாக உள்ள சரக்கை நம்பாமல் மூட்டைக்குள் கை விட்டு எடுத்து உடைத்துப் பார்க்கிறோம். ஒரு மூட்டைக்கே இத்தனை பார்க்கிற நாம், ஐந்தாண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன பார்க்கிறோம்?

இதை எழுத எனக்குத் தகுதி வந்தது, நான் செய்த ஒரு தவறினால்தான். 2022 பிப்ரவரியில் நகர்மன்றத் தேர்தல் நடந்தபோது, எங்கள் வார்டு வேட்பாளர் ஒருவர் மீது மோசடி வழக்கு இருப்பதாக ஒருவர் என் கடையில் சொன்னார். அந்த வேட்பாளர் எனக்குப் பிடிக்காத கட்சிக்காரர். ஆகவே விசாரிக்காமல் நம்பினேன். சரக்கு வாங்க வந்த சில்லறைக் கடைக்காரர்கள் பலரிடமும் சொன்னேன். தேர்தல் முடிந்த பிறகுதான் அவர் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தைப் படிக்க நேர்ந்தது. வழக்கு எதுவும் இல்லை. மோசடி வழக்கு அதே பெயருள்ள வேறொருவர் மீது இருந்தது. அவர் தோற்றுவிட்டார். என் பேச்சால் எத்தனை வாக்கு போயிற்றோ தெரியாது. நேரில் சென்று வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை அண்ணாச்சி" என்றார். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

சில வாக்குகளில் என்ன வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் நமது தொகுதியின் முடிவு வெறும் 862 வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. 2006-இல், முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட கட்சியின் தலைவர் விஜயகாந்த் இங்கே வென்றார். அந்தத் தேர்தலில் அக்கட்சி பெற்ற ஒரே இடம் அதுதான். பழக்கத்தை விட்டு யோசித்து வாக்களிக்க நம் ஊர் மக்களுக்குத் தெரியும்.

வேட்பாளரைப் பற்றி அறிந்துகொள்வது நமது உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002-இலும் 2003-இலும் தீர்ப்பளித்தது. அதன்படி, சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் படிவம் 26-இல் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் அதைப் பார்க்கலாம். கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்த நமக்கு இது கடினமே அல்ல.

1. வழக்குகள்: எத்தனை என்று எண்ணினால் போதாது. எந்தப் பிரிவு என்று பாருங்கள். மறியலில் கலந்துகொண்ட வழக்கு வேறு, நில அபகரிப்பு வழக்கு வேறு. நிலுவையில் உள்ள வழக்கு வேறு, தண்டனை வேறு. வழக்குள்ளவர்கள் அதைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும் என்பது 2018 தீர்ப்பு.

2. சொத்தும் கடனும்: சொத்தை மட்டும் பார்த்து வாய் பிளக்காமல், கடனையும் அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியையும் பாருங்கள். முன்பு போட்டியிட்டவரானால் பழைய பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். ஐந்தாண்டில் பெருகிய சொத்துக்கு, காட்டிய வருமானம் ஈடாகிறதா?

3. செய்த வேலை: ஏற்கனவே பதவியில் இருந்தவர் சட்டமன்றத்தில் நம் ஊருக்காக என்ன பேசினார், என்ன செய்து முடித்தார் என்று கேளுங்கள்.

இவை வேட்பாளர் தாமே எழுதித் தருபவை. ஆகவே விசாரணைக்கு இவை தொடக்கம்தானே தவிர முடிவல்ல. தெரிந்தே மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு ஒரு படி வைத்திருப்பவனை நாம் வியாபாரி என்று மதிப்பதில்லை. வேட்பாளரை அளக்கும்போது நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். நம் கட்சிக்காரர் மீதுள்ள வழக்கு "பொய் வழக்கு", எதிர்க்கட்சிக்காரர் மீதுள்ள வழக்கு "உண்மை". பிடித்தவருடைய பத்திரத்தைக் குறை தேடிப் படியுங்கள். பிடிக்காதவருடையதை நிறை தேடிப் படியுங்கள். தராசு தானாகச் சமனாகும்.

வாக்குக்குப் பணம் வாங்குவது குற்றம். பணப் பட்டுவாடாவினால் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் குறித்த நாளில் நடக்காமல் நின்றன. முன்பணத்தை வாங்கிக்கொண்டவன் பிறகு சரக்கின் தரத்தைப் பற்றிப் பேச முடியாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழைத்து, ஒரே கேள்விகளைக் கேட்போம். யாருக்கு வாக்கு என்பது அவரவர் விருப்பம். ஆனால் நம் கடைக்கு நாளெல்லாம் ஆட்கள் வந்து போகிறார்கள். நாம் சொல்லும் சொல் ஊர் முழுவதும் போய்ச் சேர்கிறது. எடை போடாத சரக்கைக் கொடுக்காத நாம், விசாரிக்காத செய்தியையும் கொடுக்க வேண்டாம்.